கோட்டியில் ஒரு கடன் கணக்கு

நெல்லைச் சீமையிலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிவந்த அன்பர் எவரும், பேருந்து நடத்துநர் முதன்முதலாகக் "கோட்டி, கோட்டி" என்று கூவியதைக் கேட்டு நகைக்காமல் இருந்திருக்க மாட்டார். நம் ஊரில் அச்சொல்லுக்குப் பித்து என்று பொருள். இந்நகரத்திலோ அது மாளிகையைக் குறிக்கும். ஆங்கிலக் கும்பினியின் பிரதிநிதியான ரெஸிடெண்டு வாழ்ந்த மாளிகைதான் அப்பகுதிக்கே பெயர் தந்தது.

ஜேம்ஸ் அக்கிலீஸ் கர்க்பாட்ரிக் என்ற ரெஸிடெண்டின் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம் அது. 1949 முதல் அங்கே பெண்கள் கல்லூரி நடந்தது. இன்று அது பெண்கள் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. பள்ளி திறக்கும் காலங்களில் நம் இல்லத்தார் பழைய பாடப்புத்தகங்களைத் தேடிக் கோட்டிக் கடைகளுக்குச் செல்வதுண்டு. ஓங்கி நிற்கும் அம்மாளிகையின் தூண்களை ஏறிட்டுப் பார்க்க அப்போது நமக்கு நேரம் இருப்பதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அம்மாளிகையிலிருந்து புறப்பட்ட சில கடிதங்கள் கல்கத்தாவையும் லண்டனையும் கலக்கின. அவை படையெடுப்பைப் பற்றியவை அல்ல. ஒரு கடனைப் பற்றியவை. அக்கதை கடன் வாங்குவோர், கொடுப்போர், பிறருக்காகக் கையெழுத்திடுவோர் ஆகிய அனைவருக்கும் பயன்படக்கூடியது. ஆதலின் இம்மாதம் அதனை நம் சங்க அன்பர்களின் முன் வைக்கிறோம்.

போரும் கடனும்

போர் மூண்டால் கடன் வசூல் தடுமாறும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. 1775-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்து எழுந்தபோது, விர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டக்காரர்கள் லண்டன், கிளாஸ்கோ வணிகர்களுக்குப் பெருங்கடன் பட்டிருந்தார்கள். கப்பல் மூழ்கினாலும் பகைவர் கையில் சிக்கினாலும் ஒரு பிரதியாவது போய்ச் சேரட்டும் என்று, வணிகர்கள் ஒரே கடிதத்தைப் பல பிரதிகள் எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கம். விர்ஜீனியாவிலோ, ஆங்கிலேயருக்குத் தர வேண்டிய கடனை மதிப்பிழந்து வந்த காகிதப் பணமாக உள்ளூர் சர்க்காரிடம் கட்டிவிட்டால் போதும் என்று சட்டமே வந்தது. 1783-ல் சமாதானம் ஏற்பட்டது. கடன்காரர்களின் வசூலுக்குத் தடை கூடாது என்று உடன்படிக்கையிலும் எழுதினார்கள். ஆயினும் வழக்குகள் ஓயவில்லை. கடைசியில் 1802-ல் அமெரிக்க சர்க்காரே ஆறு லட்சம் பவுன் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பழைய கணக்கு முடிவுக்கு வந்தது. பீரங்கி ஓய்ந்து பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் பேரேடு ஓயாமல் இருந்தது.

நம் தமிழகத்திலும் அக்காலத்தில் இதையொத்த ஒரு நாடகம் நடந்தது. ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா, போர்ச் செலவுக்கும் அரண்மனைச் செலவுக்குமாகச் சென்னையிலிருந்த கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே கடன் வாங்கினார். அதற்கு ஈடாக நெல் விளையும் சீமைகளின் வரியை ஒப்படைத்தார். பால் பென்பீல்டு போன்றோர் அதனால் பெருஞ்செல்வர் ஆயினர். 1785-ல் எட்மண்டு பர்க் என்ற பேரறிஞர் பார்லிமெண்டில் எழுந்து அக்கடன்களைக் கண்டித்து முழங்கினார். பின்னர் 1805-ல் தொடங்கிய விசாரணையில், கோரப்பட்ட முப்பது மில்லியன் பவுனுக்கு மேற்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடனாக நிலைக்கவில்லை.

ஆங்கிலேயர் எவரும் கவர்னர் ஜெனரலின் அனுமதியின்றி இந்திய மன்னர்களுக்குக் கடன் தரலாகாது என்று 1797-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அதற்கு முன்னரே, 1773-ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவிலுள்ள ஆங்கிலக் குடிகள் நூற்றுக்கு ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் வட்டி வாங்குவதைத் தடை செய்திருந்தது. இவ்விரு வேலிகளும் நிற்கையில்தான் ஹைதராபாத்தில் அந்தக் கடன் முளைத்து வளர்ந்தது.

பாமர் கம்பெனி

வில்லியம் பாமர் என்பவர் 1780-ல் பிறந்தவர். தந்தை கும்பினியின் சேனாதிபதிகளுள் ஒருவர். தாய் பைஸ் பக்ஷ் என்ற முகலாயக் குலப் பெண்மணி. இக்குடும்பத்தின் ஓவியமொன்று இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வில்லியம் அதில் சிறு பிள்ளையாகக் காட்சி தருகிறார். இரு குலத்துக்கும் பிறந்த அவருக்குக் கும்பினிப் படையில் உயர்பதவி கிடைக்க வழியில்லை. ஆதலின் நிஜாமின் படையில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அதன் பிறகு இந்நகரத்தில் வணிகமும் வட்டித் தொழிலும் தொடங்கினார். மரமும் பருத்தியும் வாங்கி விற்றார். பாரசீகமும் இந்துஸ்தானியும் அறிந்தவர். தர்பாரின் நடையுடை பாவனைகளை உள்ளிருந்து கண்டவர். எவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை நன்கு உணர்ந்தவர்.

குஜராத்தி சாகுகாரரான பங்கட்டி தாஸ் ஒரு கூட்டாளி. ரெஸிடென்ஸி வைத்தியரும் ஒரு கூட்டாளி. 1815-ஐ ஒட்டி சர் வில்லியம் ரம்போல்டு என்பவரும் சேர்ந்தார். முன்னொரு காலத்தில் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் ரம்போல்டின் பேரர் அவர். அவரிடம் இருந்த மூலதனத்தைவிடப் பெரிய மூலதனம் அவருடைய மணவாழ்க்கை. அவருடைய மனைவி, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவால் மகளைப்போல் வளர்க்கப்பட்டவர். 1816-ல் சட்டப்படியான அனுமதியும் கிடைத்துவிட்டது. கம்பெனியின் கொடுக்கல் வாங்கல்கள் எத்தகையவை என்று ரெஸிடெண்டு எப்போது வேண்டுமாயினும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவ்வனுமதியின் நிபந்தனை. அந்தக் கேள்வி உரியபடி கேட்கப்படுவதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

மாதம் இரண்டு லட்சம்

அக்காலத்து நிஜாம் ஸிக்கந்தர் ஜா. ஸிகந்தராபாத்துக்குப் பெயர் தந்தவர் அவரே. அவர் அரசியலில் ஈடுபாடு குறைந்து ஒதுங்கியிருந்தார். ஆட்சியை நடத்தியவர் ராஜா சந்துலால். கவிதை எழுதுபவர், கையிருப்புக்கு மேல் கொடுப்பவர், உழைப்புக்கு அஞ்சாதவர். ஆயினும் கும்பினியின் ஆதரவு இல்லையேல் தமது பதவி ஒரு நாளும் நிலைக்காது என்பதை அறிந்திருந்தார். அவருடைய பலவீனம் அதுவே.

நிஜாமின் செலவில் ஆங்கில அதிகாரிகளின் கீழ் ஒரு தனிப்படை அமைந்திருந்தது. 1817-ல் பிண்டாரிகளோடும் மராத்தியரோடும் போர் மூண்டதும் அப்படை களத்துக்குச் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் மகித்பூரில் நடந்த பெரும் போரிலும் ஹைதராபாத் பட்டாளங்கள் நின்று போரிட்டன. அவர்களோடு நின்றவர்கள் சென்னைப் படைச் சிப்பாய்கள். அச்சிப்பாய்களையும், அவர்களைத் தொடர்ந்து வந்த கணக்கர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்தே ஸிகந்தராபாத் தமிழர்களின் வரலாறு தொடங்குகிறது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

சிப்பாய்க்குச் சம்பளம் மாதந்தோறும் வேண்டும். நிஜாம் சர்க்காருக்கோ வரிப்பணம் அறுவடைக்குப் பிறகே வரும். அதுவும் இடைத்தரகர்களின் கைகளைக் கடந்து குறைந்தே வரும். இந்த இடைவெளியில் பாமர் கம்பெனி நுழைந்தது. 1818-ஐ ஒட்டிய ஏற்பாட்டின்படி, பேரார், அவுரங்காபாத் பகுதிப் படைகளுக்காகக் கம்பெனி மாதம் சுமார் 2 லட்சம் ரூபாய் கொடுக்கும். அதற்கு ஈடாக ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் ரூபாய் வரும் வரிவசூல் கம்பெனிக்கு ஒப்படைக்கப்படும். மாதம் இரண்டு லட்சம் என்றால் ஆண்டுக்கு இருபத்துநான்கு லட்சம். ஈடாகக் கிடைத்ததோ முப்பது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் திண்ணைப் பள்ளிக்கூடப் படிப்பே போதும்.

வாய்க்கணக்கும் வட்டிக்கணக்கும்

கம்பெனி வாங்கிய வட்டி நூற்றுக்கு ஆண்டொன்றுக்கு இருபத்துநான்கு அளவில் இருந்தது. நம் ஊர் வழக்கில் இரண்டு வட்டி என்போம். சட்டம் அனுமதித்தது ஒரு வட்டி. இரண்டு வட்டி என்று சொல்லும்போது அது சிறிதாகவே தோன்றுகிறது. வட்டியைக் கட்டாமல் ஆண்டுதோறும் அசலோடு சேர்த்து வந்தால், நூறு ரூபாய் நான்காம் ஆண்டின் முடிவில் இருநூற்று முப்பத்தாறு ஆகிவிடும். அரை வட்டியில் அதே நூறு, அதே நான்கு ஆண்டில் நூற்றிருபத்தாறே ஆகும். கடன் பட்டவனின் வாழ்வும் தாழ்வும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

1820-ல் ஒரு புதிய கடன் ஏற்பாடு கல்கத்தாவுக்குச் சென்றது. நிஜாம் சர்க்காருக்கு 60 லட்சம் ரூபாய் தருவது. அதைக்கொண்டு பழைய நெருக்கடிகளைத் தீர்ப்பது. குடிகளுக்கு வரிச்சலுகை கொடுப்பது என்று காகிதத்தில் அழகாக எழுதியிருந்தது. கவுன்சிலில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஹேஸ்டிங்ஸ் பிரபு தமது தீர்மான வோட்டைப் போட்டு அதனை நிறைவேற்றினார். உள்ளே இருந்த உண்மை பின்னரே வெளிப்பட்டது. புதிய பணம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. பழைய பற்றுகளே புதிய தலைப்பில் எழுதப்பட்டிருந்தன. அதற்கு மேல் எட்டு லட்சம் ரூபாய் கம்பெனிக்குரிய சன்மானமாக ஏறியிருந்தது. கையில் வராத பணத்துக்கும் வட்டி ஓடத் தொடங்கியிருந்தது.

கணக்கைக் கேட்டவர்

1820-ஆம் ஆண்டின் இறுதியில் சார்லஸ் மெட்காப் என்பவர் ரெஸிடெண்டாக வந்து சேர்ந்தார். பிற்காலத்தில், 1835-ல், இந்தியப் பத்திரிகைகளின் விலங்கை அகற்றியவர் இவரே. வந்தவர் முதலில் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். பாழடைந்த கிராமங்களைக் கண்டார். ஒருமுறை வரி கொடுத்தவனிடம் மறுமுறையும் கேட்பதையும், கொடுக்க இயலாதவன் எருதை அவிழ்த்துக்கொண்டு இரவோடிரவாக எல்லை தாண்டுவதையும் அறிந்தார். வசூலைக் கண்காணிக்க அதிகாரிகளை நியமித்தார். இந்த வரியெல்லாம் எங்கே போகிறது என்று தேடிச் சென்றபோது அவர் வந்து நின்ற இடம் தமது மாளிகைக்கு அருகிலேயே இருந்த பாமர் கம்பெனியின் வாயில்.

அவர் செய்தது ஒன்றே. கணக்கைக் காட்டுங்கள் என்றார். அனுமதிப் பத்திரத்தில் முன்னரே எழுதியிருந்த உரிமைதான் அது.

ரம்போல்டும் பாமரும் மெட்காபுக்குப் பகைவர்கள் அல்லர். ஒரே மேசையில் உணவருந்தியவர்கள். கவர்னர் ஜெனரலோ அவருடைய எஜமானர். ஆகவே அவர் எழுதிய கடிதங்களில் ஒவ்வொரு வரியும் அவருக்கு நெருப்பை மிதிப்பது போன்றதாக இருந்திருக்கும். கும்பினியே அரை வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு ஆறு வீதத்தில், நிஜாமுக்குக் கடன் கொடுத்துப் பாமர் கம்பெனியின் பற்றை அடைத்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. ஹேஸ்டிங்ஸ் பிரபு சினம் கொண்டார். தம் குடும்பத்தாருக்குக் கேடு செய்ய முனைந்தவராகவே மெட்காபை எண்ணினார். ஹைதராபாத்துக்கும் கல்கத்தாவுக்கும் இடையே தபால் ஓட்டக்காரர்கள் கடிதங்களைச் சுமந்துகொண்டே இருந்தார்கள். ஒரு கடிதத்துக்கு மறுமொழி வர வாரங்கள் ஆகும். லண்டனிலிருந்து வர மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் கம்பெனியின் பேரேட்டில் வட்டி மட்டும் ஒரு நாளும் ஓய்வெடுக்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

சந்துலாலுக்கு இவையெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் கடன்காரரின் பின்னால் கவர்னர் ஜெனரலின் நிழல் தெரிகிறபோது, வட்டி அதிகம் என்று எந்த மந்திரி வாய் திறப்பார்? கடன் கொடுத்தவரும் நாட்டாண்மைக்காரரும் ஒரே வீட்டார் ஆகிவிட்டால் கடன் பட்டவன் முறையிடுவதற்கு இடமேது?

கடன் தீர்ந்தது, நிலமும் தீர்ந்தது

1823-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹேஸ்டிங்ஸ் பிரபு பதவி நீங்கிக் கப்பலேறினார். அதன் பின்னர் முடிவு விரைவாக வந்தது. அது வந்த வழிதான் விந்தையானது.

வட சர்க்கார்கள் எனப்படும் ஆந்திரக் கடற்கரைச் சீமைகளைக் கும்பினி நிஜாமிடமிருந்து பெற்றிருந்தது. அதற்காக ஆண்டுதோறும் 7 லட்சம் ரூபாய் பேஷ்குஷ் செலுத்தக் கடமைப்பட்டிருந்தது. அதாவது, ஒரு கணக்கில் கடனாளியான நிஜாம், மற்றொரு கணக்கில் கடன்காரர். கும்பினியே அவருக்குக் கடமைப்பட்டது. ஆண்டுக்கு 7 லட்சம் வரும் உரிமையை நூற்றுக்கு ஆறு வட்டி வீதத்தில் மொத்தத் தொகையாக மாற்றினால் 1 கோடியே 16 லட்சத்து 66 ஆயிரத்து 666 ரூபாய் ஆகிறது. கும்பினி அத்தொகையை ஒரே தடவையில் தந்து அந்த உரிமையை என்றென்றைக்குமாக முடித்துக்கொண்டது. அப்பணத்திலிருந்து பாமர் கம்பெனியின் பற்று அடைக்கப்பட்டது. போர்க்கால மாதச் சம்பளத்துக்கு வாங்கிய கைமாற்று, ஒரு கடற்கரையின் நிரந்தர வருவாயை விழுங்கிவிட்டது.

பாமர் கம்பெனியும் வாழவில்லை. 1824-ல் அது முறிந்தது. அதில் பணம் போட்டு வைத்திருந்த உத்தியோகஸ்தர்களும் பிறரும் கையைப் பிசைந்து நின்றார்கள். வட்டி ஆசை முதலுக்குக் கேடு என்று நம் பாட்டிமார் சொன்னது இருபக்கத்துக்கும் பலித்தது. அவ்வாண்டில் இந்தக் கடிதங்கள் முழுவதும் லண்டனில் பெரிய புத்தகமாக அச்சாயின. 1825-ல் கும்பினியின் பங்குதாரர்கள் நாட்கணக்கில் விவாதித்தார்கள். ஹேஸ்டிங்ஸ் பிரபு லஞ்சம் வாங்கியவர் அல்லர் என்றார்கள். ஆனால் பாமர் கொடுக்கல் வாங்கலைக் கண்டித்த டைரக்டர்களின் கருத்தையும் தள்ளிவிடவில்லை.

அதோடும் முடியவில்லை. நிஜாமின் பிரபுக்களிடமிருந்து தங்களுக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்டுக் கம்பெனியின் தரப்பார் ஓயாது மனுச்செய்தார்கள். அதுபற்றி இந்தியாவுக்கு ஒரு கடிதம் அனுப்புமாறு பிரிட்டிஷ் சர்க்காரின் கண்காணிப்புச் சபை சொல்ல, கும்பினியின் டைரக்டர்கள் மறுத்தார்கள். 1833-ல் அந்த ஒரு கடிதத்தை அனுப்பச் செய்வதற்காக லண்டன் உயர்நீதிமன்றம் கட்டளை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. வில்லியம் பாமர் இந்நகரத்திலேயே வாழ்ந்து, எண்பத்தேழு வயதளவில், 1867-ல் காலமானார்.

நிஜாம் சர்க்காரின் துன்பமும் தொடர்ந்தது. அதே தனிப்படையின் சம்பளப் பாக்கி மீண்டும் ஏறிச் சுமார் நாற்பத்தைந்து லட்சம் ஆனபோது, 1853-ல் டல்ஹௌஸி பிரபு பேரார் சீமையையே ஈடாக வாங்கிக்கொண்டார். 1902-ல் ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு அது நிரந்தரக் குத்தகை ஆயிற்று. இன்று அமராவதி, அகோலா என்று மகாராஷ்டிரத்தில் நாம் காண்பவை அந்தப் பருத்திச் சீமையின் ஊர்களே. போருக்காகத் திரட்டிய படையை, போர் முடிந்த பிறகும் வைத்துக் காப்பாற்றியதற்குக் கொடுத்த விலை அது. பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் ஹைதராபாத் தர்பாரில் இருந்தார்கள். செலுத்தியவன் பேராரில் ஏர் பிடித்தவன். அவன் எந்தப் பத்திரத்தையும் கண்ணால் கண்டதில்லை.

நம் வீட்டுப் பேரேடு

மன்னர் கதை நமக்கு எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கே இது மிகவும் வேண்டும் என்பது நம் எண்ணம். சொந்த ஊரில் கடன் என்றால் நாலு பேர் அறிய நடக்கும். இங்கே அவசரத்துக்கு யாரோ ஒருவர் கைகொடுக்கிறார். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டு விடுகிறோம். நாம் அறிந்த ஓர் இல்லத்தில், மைத்துனரின் கடைக்காக ஜாமீன் நின்றவர், கடன் தீர்ந்துவிட்டதென்ற வாய்ச்சொல்லை நம்பிக் காகிதம் வாங்காமல் விட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, பெண்ணின் கல்யாண ஏற்பாடு நடக்கும்போது நோட்டீஸ் வந்தது. கட்டிய ரசீதுகள் மைத்துனரிடமும் இல்லை. சம்பந்தி வீட்டார் கூடத்தில் அமர்ந்திருக்க, அந்த அம்மையார் நோட்டீசை அடுக்களையில் அரிசித் தூக்குக்குள் ஒளித்து வைத்தார் என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

ஹைதராபாத் கடன் நமக்குக் காட்டும் வழி எளியது. முதலாவது, மாத வட்டியைக் கேட்டு மகிழாமல், எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். 2024 அக்டோபர் முதல், தனிநபர்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் புதிய கடன்களுக்கு இந்த விவரத்தை ஒரே தாளில் எழுதித் தர வேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் விதி. கைபேசியில் நொடியில் கடன் தரும் செயலிகளிடமும் இதைக் கேட்கலாம். காட்ட மறுப்பவரிடம் வாங்காதிருத்தல் நலம். இரண்டாவது, பழைய கடனைப் புதிய கடனாக மாற்றித் தருகிறோம் என்று எவரேனும் வந்தால், அதில் கைக்கு வரும் பணம் எவ்வளவு, பெயர் மாறிய பழைய பாக்கி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அறுபது லட்சத்தில் ஒளிந்திருந்த எட்டு லட்சத்தை மறவாதிருப்போம். மூன்றாவது, கடன் தீர்ந்ததும் தீர்ந்ததென்று கடிதம் பெற வேண்டும். வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்திருந்தால், முழுத்தொகையும் கட்டிய முப்பது நாட்களுக்குள் அதைத் திருப்பித் தரவேண்டும். நிறுவனத்தின் குறையால் தாமதமானால் நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் ஈடு தர வேண்டும். இது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள விதி.

நான்காவது ஒன்றுண்டு. அது விதிகளில் எழுதப்படாதது. கடன் தருகிறவர் நம் மேலதிகாரியாகவோ, மறுத்துப் பேச இயலாத உறவினராகவோ இருந்தால், வட்டி குறைவாக இருப்பினும் அக்கடனை அஞ்ச வேண்டும். சந்துலால் அறிவில்லாதவர் அல்லர். கேட்க இயலாத இடத்தில் கடன் பட்டார், அவ்வளவே.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது முதுமொழி. எழுதிய கணக்கைப் படியாமல் விட்டாலும் அதே கதிதான். அடுத்த முறை புத்தகம் வாங்கக் கோட்டிக்குச் செல்லும்போது, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, அந்தத் தூண்களைச் சற்றே நின்று காட்டுங்கள். அங்கே ஒருவர், தமது பதவிக்கு என்ன நேரும் என்று தெரியாமலே, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார் என்று சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் பரணிலுள்ள தகரப் பெட்டியை இறக்கி, நம் வீட்டுக் கடன் காகிதங்களையும் ஒருமுறை அவர்களோடு அமர்ந்து படித்துப் பார்ப்போமாக.